ஸ்கார்பியோ-என்னா, தார் ராக்ஸா? தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

டீசல், நான்கு சக்கர இயக்கம், குடும்பத்தோடு போகும் வசதி. இந்த மூன்றும் ஒரே வண்டியில் வேண்டும் என்று கிளம்பும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கடைசியில் பெரும்பாலும் மஹிந்திராவின் இரண்டு வண்டிகளிடம் வந்து நிற்கின்றன: 2022-இல் வந்த ஸ்கார்பியோ-என், 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ். உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபது லட்சத்தைத் தொடும் செலவு இது. விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட உங்கள் வீட்டையும் உங்கள் வழியையும் பார்த்து முடிவெடுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். எதை வாங்குவது?

வீட்டில் அடிக்கடி ஆறேழு பேர் ஒன்றாகக் கிளம்புகிறீர்கள் என்றால் ஸ்கார்பியோ-என். நான்கைந்து பேர்தான், ஆனால் கொல்லைக்கோ தோப்புக்கோ போகும் பாதை ஐப்பசி, கார்த்திகையில் பாதையாகவே இருக்காது என்றால் தார் ராக்ஸ். உங்கள் பயணமெல்லாம் தார்ச் சாலையிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது என்றால் இரண்டிலும் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கர இயக்க) வகை தேவையில்லை. பின்சக்கர இயக்க வகையை வாங்குங்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் மிச்சம்.

ஃபார்ச்சூனர், சஃபாரி, கூர்க்கா எல்லாம் இருக்கின்றனவே. ஏன் இந்த இரண்டு மட்டும்?

ஃபார்ச்சூனர் நல்ல வண்டிதான், ஆனால் விலை வேறு உயரத்தில் இருக்கிறது. டாடா சஃபாரியும் ஹாரியரும் டீசலில் முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் சேற்றில் இறங்கினால் முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு வண்டி சேற்றுக்கும் கல்லுக்கும் இந்த இரண்டையும்விடத் துணிச்சலானது, முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் (ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) உண்டு. ஆனால் தினமும் பெங்களூரு சாலையில் குடும்பத்தோடு போய்வர அது களைப்பு தரும் வண்டி என்பது என் கருத்து. மஹிந்திராவிலேயே எக்ஸ்யூவி 700 (2026 முதல் எக்ஸ்யூவி 7எக்ஸ்ஓ) ஆல் வீல் டிரைவ் உண்டு. அதில் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் லோ கியர் கிடையாது. ஈரச் சாலைக்கும் லேசான மண் பாதைக்கும் அது போதும். சுமையோடு செங்குத்தான கல் பாதையில் இறங்கி ஏற அது செய்யப்படவில்லை.

எங்களுக்கு உண்மையிலேயே ஃபோர் பை ஃபோர் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது, இதைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை.

மலை என்றாலே ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச் சாலை இருக்கிறது, பஸ்ஸே ஏறுகிறது. அரூரிலிருந்து சித்தேரிக்கும் அப்படித்தான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைச் சாலையில் சாதாரண மாருதி கார்கள் வரிசையாகப் போகின்றன. தார் போட்ட ஏற்றத்துக்கு வேண்டியது நல்ல இன்ஜின், நல்ல பிரேக், சரியான கியரைத் தெரிந்த ஓட்டுநர். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய அவசியம் அங்கே வராது.

தேவை எங்கே வருகிறது என்றால், தார் முடிந்த பிறகு வரும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில். பெட்டமுகிலாளம், அஞ்செட்டி பக்கம் குக்கிராமங்களுக்குப் பிரியும் கல் பாதைகள், ஏரி உள்வாயை ஒட்டிப் போகும் வண்டிப்பாதை, ஓடையில் இறங்கி ஏற வேண்டிய தோப்பு வழி. இந்த இடங்களில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். செருப்பில் செம்மண் அப்பிக்கொண்டு கால் எடுக்க முடியவில்லையா? டிராக்டர் போன தடத்தில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதா? டிராக்டர் டயர் வெட்டிய இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே மண் மேடாக எழும்பி, வண்டியின் அடிவயிறு தட்டும் உயரத்தில் நிற்கிறதா? இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் ஃபோர் பை ஃபோர் வாங்குங்கள், அந்தப் பணம் வீணாகாது. அப்படி ஒரு வழி உங்கள் வாழ்க்கையில் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், அன்று ஒரு நாள் டிராக்டரில் போகலாம்.

இரண்டுக்கும் ஒரே இன்ஜின்தானா?

ஒரே குடும்பத்து 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல். ஸ்கார்பியோ-என் ஃபோர் பை ஃபோரில் 175 பிஎஸ் (குதிரைத்திறன்); முறுக்குவிசை மேனுவலில் 370, ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர். ராக்ஸில் வகையைப் பொறுத்து 152 அல்லது 175 பிஎஸ்; அதிகபட்ச முறுக்குவிசை 370. காகிதத்தில் ஸ்கார்பியோ-என் ஒரு படி மேலே இருக்கிறது. ஓட்டும்போது ஆட்கள் நிறைந்த வண்டியில் ஏற்றத்தில் முந்தும்போது மட்டும்தான் அந்த வேறுபாடு தெரியும். இரண்டிலும் நான்கு சக்கர இயக்கம் டீசலோடு மட்டுமே கிடைக்கிறது. பெட்ரோல் வேண்டும் என்றால் பின்சக்கர இயக்கம்தான்.

ஃபோர் ஹையில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் பிடிமானம் கூடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த ஒரு பதிலையாவது வண்டி ஓட்டப்போகும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டு வண்டிகளும் தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் வகை. ஃபோர் ஹையில், அதாவது வழக்கமான வேகத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில், போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடுகின்றன. ஆனால் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் போக வேண்டும். சேறு, மணல், சரளை என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கம் முழுவதும் கியர்களிலும் அச்சுகளிலும் போய் ஏறுகிறது. ஸ்டீயரிங் கனமாகும், திரும்பும்போது டயர் கீச்சிடும், தொடர்ந்து ஓட்டினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும். அதைப் பழுதுபார்க்கும் செலவு சாதாரண சர்வீஸ் பில் போல இருக்காது.

மழை பெய்தாலும் நெடுஞ்சாலையில் டூ ஹைதான், அதாவது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை. மண் பாதையில் இறங்கும் முன் ஃபோர் ஹை, மீண்டும் தார் ஏறும் முன் டூ ஹை. திரும்ப டூ ஹைக்கு வர மறுத்தால், நேராகச் சில அடி பின்னால் எடுங்கள். முறுக்கம் தளர்ந்து விட்டுக்கொடுக்கும். தேவையே வராத மாதங்களிலும் மாதம் ஒருமுறை மண் தரையில் சிறிது தூரம் ஃபோர் ஹையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் வேண்டிய நாளில் அது இறுகிப்போய் நிற்கும்.

ஃபோர் லோ எதற்கு?

சக்கரத்துக்கு வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டிக் கொடுக்கும் கியர் அது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். ஏறுவதற்கு மட்டும் அது என்று நினைக்கிறார்கள். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்: கல்லும் சரளையுமான செங்குத்துச் சரிவில் முதல் கியரில் போட்டுவிட்டு காலை எடுத்தால், பிரேக்கைத் தொடாமலே வண்டி நடந்து போகும் வேகத்தில் இறங்கும். ராக்ஸில் இதற்கு கியர் கம்பியின் பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கிறது. ஸ்கார்பியோ-என்னில் பட்டன்.

சேற்றில் மாட்டினால் எது வெளியே வரும்?

ராக்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் ஃபோர் பை ஃபோர் வகைகளில் பின் அச்சுக்குப் பட்டன் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றாலும் மற்றது தரையைப் பற்றித் தள்ளும். ஸ்கார்பியோ-என்னில் அந்தப் பட்டன் இல்லை. சுழலும் சக்கரத்தை வண்டியே உணர்ந்து, எதிர்ச்சக்கரத்துக்கு வலிமையை அனுப்பும். அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. ஆனால் சக்கரம் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. களிமண்ணில் அந்தக் கொஞ்சம் சுழற்சியே பள்ளம் தோண்டிவிடும்.

ராக்ஸின் முன்பக்க ஏறு கோணம் 41.7 பாகை, பின்பக்கக் கோணம் 36.1. அதாவது ஓடைக் கரையில் மூக்கு முட்டாமல் இறங்கும், வால் உரசாமல் ஏறும். ஸ்கார்பியோ-என்னின் நீண்ட பின்பகுதிக்கு அந்த வசதி குறைவு. இன்னொன்று: ராக்ஸின் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது, ஸ்கார்பியோ-என்னில் வண்டிக்கு அடியில். சேற்றுக்குள் நின்ற வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னியை இறக்குவது என்ன பாடு என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். ஸ்கார்பியோ-என்னில் எல்லோரும் உட்கார முடியுமா?

உட்கார முடியும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வரிசைக்குப் போக இரண்டாவது வரிசை சீட்டை மடக்கி முன்னால் தள்ள வேண்டும். படியில் கால் வைத்து, தலையைக் குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே நுழைய வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள். மூட்டுவலி உள்ள அம்மாவால் முடியாது. பெரியவர் ஒருவர் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுப் பக்கம் ஏறும். தருமபுரியிலிருந்து சேலம் வரை பொறுத்துக்கொள்ளலாம், திருச்செந்தூர் வரை முடியாது. ஏ.சி. காற்று கடைசி வரிசையில் போதுமான அளவு வருகிறதா என்று டெஸ்ட் டிரைவிலேயே ஒருவரை அங்கே உட்கார வைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது வரிசையை விரித்தால் பின்னால் சாமான் வைக்க இடமே இருக்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏழு பேரும் ஏழு பேரின் பைகளும் என்றால் மேலே கேரியர் வேண்டும். ஆகவே ஸ்கார்பியோ-என்னை ஐந்து பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் போகும் வண்டி என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்குக்கு அது அருமையான வண்டி. ராக்ஸில் இந்தப் பேச்சே இல்லை, அது ஐந்து பேருக்கானது. கல்யாணத்துக்குப் போகும்போது "இன்னும் இரண்டு பேர் ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியாத வண்டி கூட்டுக் குடும்பத்தில் மனத்தாங்கலை உண்டாக்கும். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள்.

வயதான பாட்டி ஏறி இறங்க எது எளிது?

இரண்டும் உயரம்தான், இரண்டிலும் படி வேண்டும். பாட்டி முன்சீட்டில் உட்காருவார் என்றால் பெரிய வேறுபாடு இல்லை. பின்சீட்டு என்றால் இரண்டு வண்டிகளிலும் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். படியில் கால் வைத்ததும் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பிடிக்கக் கைப்பிடி எட்டாமல் சீட்டின் துணியைப் பற்றினால் அந்த வண்டி அவருக்கு உயரம் என்று பொருள்.

ஓட்டத்தில் குலுக்கம் ஸ்கார்பியோ-என்னில் குறைவு. குறைந்த வேகத்தில் மேடு பள்ளச் சாலையில் ராக்ஸ் பக்கவாட்டில் அதிகம் ஆட்டுகிறது. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும். முதுகுவலிக்காரர் வீட்டில் இருந்தால் என் ஓட்டு ஸ்கார்பியோ-என்னுக்கு.

மாங்காய், தக்காளி ஏற்ற முடியுமா?

வியாபாரச் சுமைக்கு இவை வண்டிகள் அல்ல. அதற்குப் பிக்கப் இருக்கிறது. வீட்டுக்கும் உறவினருக்குமாகத் தோப்பிலிருந்து சில கிரேட் நிறையப் பெங்களூரா மாங்காய், பாலக்கோட்டிலிருந்தோ ராயக்கோட்டையிலிருந்தோ ஒன்றிரண்டு பெட்டித் தக்காளி என்றால் இரண்டுமே தாங்கும். கடைசி வரிசையை மடக்கிய ஸ்கார்பியோ-என்னில் நீளம் கிடைக்கும், ஆனால் மடங்கிய சீட் தரையோடு சமமாகாமல் மேடாக நிற்கும். ராக்ஸின் பின்பகுதி உயரமானது, கிரேட்டை அடுக்க வசதி. பின்சீட்டையும் மடக்கினால் இன்னும் தாராளம்.

ராக்ஸ் வாங்குவோர் சீட் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் தந்தத்து வெள்ளை நிறத்தில்தான் வந்தது. பிறகு ஃபோர் பை ஃபோர் வகைகளுக்குப் பழுப்பு நிறத்தையும் கொடுத்தார்கள். நம் ஊர்ச் செம்மண்ணில் நடந்த காலும், மாங்காய்ப் பால் பட்ட கையும் வெள்ளை சீட்டில் ஒரு பருவம்கூடத் தாங்காது. பழுப்பு கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

குறுகிய மலைச் சாலையில் எது வசதி?

ஸ்கார்பியோ-என் 4,662 மி.மீ. நீளம், 1,917 மி.மீ. அகலம். ராக்ஸ் 4,428 நீளம், 1,870 அகலம். எதிரே பஸ் வரும்போது அந்த ஐந்து சென்டிமீட்டர் அகலம் கைகொடுக்கும், ஊருக்குள் சந்தில் திருப்பும்போது நீளக் குறைவு கைகொடுக்கும். வீட்டு வாசல் கேட்டையும் போர்டிகோவையும் அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கண்ணாடிகள் விரிந்த நிலையில் அகலம் இன்னும் கூடும். ராக்ஸின் உயரம் 1,923 மி.மீ.; பழைய ஷெட்டுக் கூரைகளைக் கவனியுங்கள்.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்த நீண்ட சரிவில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது இந்த இரண்டு மாவட்டத்திலும் எல்லோருக்கும் தெரியும். பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும், பிரேக்கை விடாமல் அழுத்தி அது சூடேறிப் பிடிக்காமல் போவதும் முக்கியக் காரணங்கள்.

உங்கள் வண்டி இரண்டு டன்னை ஒட்டிய எடை கொண்டது, ஆட்கள் வேறு. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்குக் கொண்டுவந்து மூன்றாவது அல்லது நான்காவது கியரில் நிறுத்துங்கள். இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தினால் உறுதியாக அழுத்தி, விட்டுவிடுங்கள். கால் வைத்தே இருக்க வேண்டாம். லாரிக்கு முன்னால் போய்ச் சட்டென்று வேகம் குறைக்காதீர்கள், பின்னால் வருபவரால் நிறுத்த முடியாமல் போகலாம். நான்கு சக்கர இயக்கத்துக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

ஆட்டோமேட்டிக். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஓட்டுவார்கள் என்றால் இன்னும் உறுதியாக ஆட்டோமேட்டிக். சேற்றிலும் ஏற்றத்திலும் கிளட்சை அரைத்து எரிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு, இதில் அதற்கு இடமே இல்லை. விலை மட்டும் கூடுதல்.

பாதுகாப்பில் எது மேல்?

ராக்ஸ் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 2024-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது: பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 31.09, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 45. ஸ்கார்பியோ-என் 2022 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரம் பெற்றது. சோதித்த அமைப்புகள் வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நான் ராக்ஸ் பக்கம் சாய்வேன். ராக்ஸில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக். ஸ்கார்பியோ-என்னில் நீங்கள் எடுக்கும் வகையில் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள்.

எந்த வண்டியானாலும் பின்சீட்டிலும் பெல்ட். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஏர்பேக் வெடிக்கும்போது அந்தக் குழந்தையைத்தான் முதலில் தாக்கும். குழந்தை சீட் வாங்கிப் பின்சீட்டில் மாட்டுங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் தாண்டலாமா?

நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. ராக்ஸ் 650 மி.மீ. ஆழம் வரை நீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்வது நிற்கும் நீருக்கான கணக்கு. ஓடும் நீர் பக்கவாட்டில் தள்ளும். அகலமான டயரும் மூடிய உடலும் வண்டியை மிதக்க வைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி நீர் பெருக்கெடுத்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அவையும் டன் கணக்கில் எடை கொண்ட வண்டிகள்தான்.

தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. திரும்பிப் போய்விடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையையும் எடுங்கள். நீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும். வண்டி நீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

டயரை மாற்ற வேண்டுமா?

சேற்றில் ஃபோர் பை ஃபோர் பட்டனைவிட டயருக்குத்தான் மதிப்பு அதிகம். ஷோரூமில் வரும் டயர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையை மனத்தில் வைத்தவை. செம்மண் களியில் அவற்றின் வரிகள் நொடியில் அடைபட்டு வழவழவென்று ஆகிவிடும். மாதத்தில் சில முறையாவது மண் பாதையில் போவீர்கள் என்றால், முதல் டயர்கள் தேய்ந்ததும் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். அளவை மட்டும் மாற்றாதீர்கள். நான்கையும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்த டயர்கள் ஃபோர் ஹையில் அச்சுகளை முறுக்கும்.

ராக்ஸின் உச்ச வகையில் 19 அங்குலச் சக்கரம் வருகிறது, மற்றவற்றில் 18. கல் பாதைக்கு 18 நல்லது, பக்கச் சுவர் உயரமாக இருக்கும். நம் பக்கம் டயரைக் கெடுப்பது இரண்டு: பக்கச் சுவரைக் கிழிக்கும் கூர்மையான கருங்கல், ஓடைக்கரை எங்கும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் முள். காய்ந்த வேலிக்காத்தான் முள் டயரின் ரப்பரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும்; காற்று இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கும். கொல்லைக்குப் போய்வந்த மறுநாள் காலையில் டயரைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். பஞ்சர் ஒட்டும் கிட்டும் சிறிய காற்றடிக்கும் பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்கும் கடைக்கும்தான் தினமும் போகிறோம். டீசல் சரியா?

சரியில்லை. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தீர்க்க, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சூடு வராது, கரி அடைத்து விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம்: கிருஷ்ணகிரி சாலையில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், பெரும்பாலும் தானே அணைந்துவிடும். கண்டுகொள்ளாமல் ஊருக்குள்ளேயே ஓட்டினால் பணிமனைக்குத்தான் போக வேண்டும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலை ஏறும் குடும்பத்துக்கு டீசல் நன்றாக உழைக்கும்.

டீசல் வண்டியைப் பத்து ஆண்டில் ஒழித்துவிடுவார்களாமே?

அந்தப் பத்து ஆண்டு விதி டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும்; அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

மைலேஜ்?

நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் லிட்டருக்குச் சுமார் 13, 14. ஊருக்குள்ளும் மலையிலும் 10-ஐ ஒட்டி. ஃபோர் லோவில் மைலேஜைப் பார்க்காதீர்கள். டேங்க் இரண்டிலும் 57 லிட்டர்.

வரியெல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? கர்நாடகத்தில் பதிவு செய்தால் மிச்சமா?

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் வரியும் கூடுதல் தீர்வையும் சேர்த்து அதைவிட அதிகமாக இருந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். இந்த எல்லைக் கோட்டில்தான் இரண்டு வண்டிகளின் ஃபோர் பை ஃபோர் வகைகளும் நிற்கின்றன. 19.5 லட்சம் வண்டிக்கு வரி 3.51 லட்சம், 20.5 லட்சம் வண்டிக்கு 4.10 லட்சம். வண்டி விலையில் ஒரு லட்சம் கூடினால் வரியில் மட்டும் 59,000 ரூபாய் கூடுகிறது. கூரையில் திறக்கும் கண்ணாடிக்காகவும் கூடுதல் ஸ்பீக்கருக்காகவும் ஒரு வகை மேலே போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம் அல்லது வரியில் கழித்துக்கொள்ளலாம். விவசாயக் குடும்பங்கள் பல இதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம் என்பதால் அங்கே உறவினர் முகவரியில் பதிவு செய்யும் யோசனை வருகிறது. வேண்டாம். அங்கேயும் வரி குறைவில்லை. ஒரு மாநிலத்துப் பதிவு வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும்.

ஃபோர் பை ஃபோர் வாங்கினால் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகள் காப்புக்காடுகளும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும். அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், யானைகளின் வாழிடத்தில் அது ஆபத்தும்கூட. பொதுச் சாலையில் போகும்போதும் மெதுவாகப் போங்கள், ஹாரன் வேண்டாம். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி வழிவிடுங்கள். வண்டியின் திறமையைச் சோதிக்க உங்கள் சொந்தத் தோப்பு போதும்.

டெஸ்ட் டிரைவிலும் டெலிவரியிலும் எதைப் பார்க்க வேண்டும்?

ஷோரூமில் ஓட்டக் கொடுப்பது பெரும்பாலும் பின்சக்கர இயக்க வண்டியாக இருக்கும். ஃபோர் பை ஃபோர்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடையும் குலுக்கமும் அதில் வேறு. விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். பாட்டி, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, வேகத்தடையும் பள்ளமும் உள்ள உங்கள் வழக்கமான தெருவில் ஓட்டுங்கள். பின்சீட்டில் ஒரு சுற்று நீங்களும் உட்காருங்கள்.

டெலிவரிக்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கும் முன், வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் வண்டியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அது பல மாதம் பழையதாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள், அல்லது விலையில் பேசுங்கள். ஐந்து டயர்களின் தயாரிப்பு வாரத்தையும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டிலும் போட்டு, மண் தரையில் பத்தடி முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். ராக்ஸ் என்றால் டிஃபரன்ஷியல் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.